அவரவர் வானவில்

மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கிற ஒரு மாலை வேளையில், மேற்கே மேகம் விலகிச் சூரியன் சாய்வாக ஒளியை வீச, கிழக்கே இன்னும் தூறிக்கொண்டிருக்கும் கருத்த ஆகாயத்தில் வானவில் தோன்றுமானால், தெருவில் நின்று பார்க்கிற பத்துப் பேரும் ஒரே வில்லைத்தான் பார்ப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். அது ஊருக்கு அப்பால் ஏதோ ஓர் ஏரியின் மேலோ குன்றின் மேலோ கால் ஊன்றி நிற்பதாகவும், விரைந்து நடந்தால் அதன் அடியை எட்டிவிடலாம் என்றும் குழந்தைகள் நம்புகிறார்கள். உண்மையில் பத்துப் பேர் பார்ப்பது பத்து வெவ்வேறு வில். எந்த இரண்டு கண்களுக்கும் ஒரே துளிகளிலிருந்து ஒரே வில் அமைவதில்லை.

சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஒருவருடைய தலையின் நிழல் எந்தத் திசையில் விழுகிறதோ, அந்தத் திசையை மத்தியாகக் கொண்டு அதிலிருந்து ஏறக்குறைய 42 பாகை விலகியிருக்கிற மழைத்துளிகள் எல்லாம் அவருடைய கண்ணுக்குச் சிவப்பு ஒளியை அனுப்புகின்றன; 40½ பாகையை ஒட்டி இருப்பவை ஊதாவை அனுப்புகின்றன; இடைப்பட்டவை மற்ற வர்ணங்களை அனுப்புகின்றன. மத்தியிலிருந்து ஒரே கோண அளவில் விலகியவை யாவும் சேர்ந்தால் வட்டமாகத்தானே அமைய வேண்டும்? வானவில் இயற்கையில் முழு வட்டமே. அதன் கீழ்ப்பாகத்தைத் தரை மறைத்துவிடுவதால் நமக்கு வில்லாகத் தெரிகிறது. விமானத்தில் செல்கிறவர்கள் சில சமயம் அந்த முழு வட்டத்தையும் கண்டு அதிசயிப்பதுண்டு. பக்கத்தில் நிற்பவருடைய நிழல் வேறு ஆகையால் அவருடைய வட்டமும் வேறு. நாம் நடந்தால் நிழலோடு வில்லும் கூடவே நடக்கிறது. அதன் அடியை எட்டியவர் எவரும் இல்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டுவதில்லை.

துளிக்குள் என்ன நடக்கிறது? காற்றிலிருந்து நீருக்குள் புகும் கிரணம் சற்று வளைந்து செல்கிறது. எதிர்ப்புறச் சுவரை அடைந்ததும் அதன் பெரும்பகுதி வெளியே போய்விட, மிகச் சிறிய பகுதி மட்டும் பிரதிபலித்துத் திரும்பி, புகுந்த பக்கமாகவே மறுபடியும் வளைந்து வெளிவருகிறது. அந்த எதிர்ப்புறச் சுவரில் நிகழ்வது முழு அகப் பிரதிபலிப்பு என்று எழுதிவிடுகிற பாடப்புத்தகங்கள் உண்டு, அது பிழை. உருண்டையான துளிக்குள் வெளியிலிருந்து புகுந்த கிரணம், புகுந்தவுடன் எந்தக் கோணத்தில் வளைந்ததோ அதே கோணத்தில்தான் பின்சுவரையும் சந்திக்கிறது என்பதால், அங்கே முழுப் பிரதிபலிப்பு ஏற்பட இடமே இல்லை. வானவில் இவ்வளவு மெல்லிய ஒளியாக இருப்பதற்கும், பின்னணியில் கருமேகம் இருந்தால்தான் எடுப்பாகத் தெரிவதற்கும் அதுவே ஒரு காரணம்.

இந்த விஷயம் தெளிவடைய மனித குலத்துக்கு வெகு காலம் பிடித்தது. மேகமே ஒரு கண்ணாடிபோலச் சூரிய ஒளியைப் பிரதிபலிக்கிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். அந்தக் கருத்தை விட்டு நகர ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் ஆயின. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஜெர்மனியில் தியோடரிக் என்ற துறவியும், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல் ஃபாரிசி என்ற அறிஞரும், நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை ஒரு பெரிய மழைத்துளியாகப் பாவித்து, அதில் கிரணம் செல்லும் பாதையைப் பரிசோதனையால் கண்டறிந்தார்கள். மேகத்தை விட்டுவிட்டு ஒற்றைத் துளியை ஆராயத் துணிந்ததே இந்தக் கதையில் மிகப் பெரிய அடி என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் 42 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது மீதியிருந்தது. துளியின் மேல் எல்லா இடத்திலும்தானே ஒளி விழுகிறது; அது ஏன் ஒரு கோணத்தில் மட்டும் குவிய வேண்டும்? பிரெஞ்சுத் தத்துவ ஞானி டெகார்ட் 1637-இல் வெளியிட்ட நூலில், துளியின் மையத்திலிருந்து விளிம்பு வரை வெவ்வேறு இடங்களில் விழும் கிரணங்களைப் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தார். நடுவில் விழுகிற கிரணம் வந்த வழியே திரும்புகிறது. விளிம்பை நோக்கி நகர நகரத் திரும்பும் கோணம் அதிகரித்து, 42 பாகையைத் தொட்டு, அதன்பின் குறையத் தொடங்குகிறது. ஊஞ்சல் தன் உச்சியை அடையும்போது வேகம் தணிந்து ஒரு கணம் தயங்கித் திரும்புவதுபோல, கோணமும் அந்த உச்சியில் தயங்குவதால், அடுத்தடுத்த கிரணங்கள் பல அங்கே ஒன்றுகூடிப் பிரகாசிக்கின்றன. மற்ற கிரணங்கள் யாவும் அதற்குட்பட்ட கோணங்களில் சிதறுவதால் வில்லின் உட்புறத்து ஆகாயம் வெளிப்புறத்தைவிட வெளுப்பாக இருக்கும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

வர்ணங்களின் கதையை முடித்து வைத்தவர் நியூட்டன். முப்பட்டகக் கண்ணாடியில் சூரிய ஒளியைச் செலுத்தி, வெண்மை என்பது பல நிறங்களின் கூட்டே என்றும், ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவு வளைகிறது என்றும் நிரூபித்து, அந்த ஆராய்ச்சியை 1672-இல் வெளியிட்டார். ஏழு நிறங்கள் என்று அவர் வகுத்ததற்கு ஸ்வரங்கள் ஏழு என்ற ஒப்புமையே தூண்டுதல். வில்லில் நிறங்கள் இடைவெளியின்றி ஒன்றில் ஒன்று கரைவதால் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டையிடுவதில் பயனில்லை. துளிக்குள் இரண்டு முறை பிரதிபலித்து வரும் ஒளியால், 51 பாகையை ஒட்டி, நிறங்கள் தலைகீழாக மாறிய மங்கலான இரண்டாவது வில்லும் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஆகாயம் கறுத்திருப்பதை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அலெக்ஸாண்டர் என்ற கிரேக்க உரையாசிரியர் விவரித்ததால், அந்தப் பட்டை அவர் பெயராலேயே வழங்குகிறது.

சூரியன் தொடுவானத்திலிருந்து 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால், சமதரையில் நிற்பவருக்கு வட்டம் முழுவதும் தரைக்குக் கீழே போய்விடும். அதனால்தான் நம் ஊர்ப் பக்கங்களில் உச்சிப்பொழுதில் எவ்வளவு மழை பெய்தாலும் ஆகாயத்தில் வில் எழுவதில்லை. காலையில் மேற்கிலும், மாலையில் கிழக்கிலும் தேட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தபின் மழைக்காகக் காத்திருக்க அவசியமில்லை. காலை 8 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ, செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாயை எடுத்துக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீரைப் பூந்தூறலாகச் சிதறச் செய்யுங்கள். எதிரே நிழல் படிந்த சுவரோ அடர்ந்த செடியோ இருந்தால் நல்லது. கையை முழுவதும் நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடைப்பட்டது ஏறக்குறைய 20 பாகை. ஆகவே உங்கள் தலையின் நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பார்த்தால் வில் அங்கே இருக்கும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பார்த்தால், வில் வெவ்வேறு துளிகளுக்கு இடம் பெயர்வதும் தெரியும். ஒருவருடைய இரண்டு கண்களுக்கே இரண்டு வில்!

தண்ணீர்த் தட்டில் சாய்த்து வைத்த முகக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துச் சுவரில் நிறங்களை வீழ்த்துவது எல்லாரும் அறிந்த விளையாட்டு, அழகாகவே இருக்கும். ஆனால் அங்கே நீர் முப்பட்டகமாக வேலை செய்கிறதே ஒழிய, துளியின் வித்தை அதில் இல்லை. சோப்புக் குமிழியிலும் குறுந்தகட்டிலும் தெரியும் நிறங்களோ முற்றிலும் வேறு காரணத்தால் உண்டாகின்றவை. வானவில்லின் மெய்யான வழியைக் காண விரும்புகிறவர்கள் தியோடரிக் செய்ததையே செய்து பார்க்கலாம். ரசாயனக் கூடத்தில் இருக்கும் உருண்டைக் குடுவை ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, குடுவையின் அளவுக்கு வட்டமாகத் துளையிட்ட ஒரு பெரிய வெள்ளை அட்டையைச் சூரியனை நோக்கி நிறுத்தி, துளையின் வழியே வரும் வெயில் குடுவையின் மேல் நேராக விழும்படி வைத்தால், அட்டையின் குடுவைப் பக்கத்தில் துளையைச் சுற்றி, சிவப்பு வெளியிலும் ஊதா உள்ளேயுமாக ஒரு வர்ண வளையம் எழுகிறது. குடுவையை அட்டைக்கு அருகில் கொண்டுவந்தால் வளையம் சுருங்கும், விலக்கினால் விரியும். கோணம் மட்டும் மாறாது.

சூரியனையோ கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தையோ நேராகப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளை முதலில் எச்சரித்துவிட வேண்டும். செலவு என்று சொல்ல ஓர் அட்டையின் விலைதான். கரும்பலகையில் துளியின் படத்தை வரைந்து காட்டுகிற ஆசிரியர்கள், வெயில் வகுப்பறைக்குள் சாய்வாக விழுகிற ஏதாவது ஒரு காலையில் இந்தக் குடுவையையும் எடுத்துவந்து மாணவர்களுக்குக் காட்டிவிட வேண்டும்.