கொலஸ்ட்ரால் மாத்திரை: சாப்பிடலாமா, வேண்டாமா?

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ஒரே கால் உளைச்சல், நானே நிறுத்தி விட்டேன்" என்று எழுதியிருந்தார். அடுத்த வாரமே இன்னொருவர், "டாக்டர் கொடுத்தால் சாப்பிட வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை?" என்று காட்டமாகப் பதில் போட்டிருந்தார். இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேருக்கு இந்தப் பேச்சு ஓடுவதால், நான் படித்ததையும் டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டதையும் எழுதுகிறேன்.

மூன்று பேர் யார் என்றால், 2019-ல் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வருஷமாக சர்க்கரை நோய் உள்ள என் நாத்தனார், அப்புறம் நான். எனக்கு வயது 54. பிரஷர் இல்லை, இதய நோய் இல்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 152. மாத்திரை ஒன்றுதான், ஆனால் மூன்று பேருக்கும் கணக்கு வேறு. இதைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. பக்கத்து வீட்டு மாமிக்கு நல்லது செய்தது, எதிர்வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டே இருக்கிறோம்.

இந்த மாத்திரைகளுக்குப் பொதுப்பெயர் ஸ்டாடின். அடார்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். நம் உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பை இந்த மருந்து குறைக்கிறது. உடனே கல்லீரல் ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதன்முதலாக இந்த வகை மருந்தைப் பிரித்தெடுத்தார். ஊறுகாய் மேல் பூஞ்சை பூத்தால் தூக்கிப் போடுகிற நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்!

இதய நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு இதில் வாதமே இல்லை. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. ஐந்து வருஷத்துக்குச் சற்று மேல் பார்த்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 12 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாடின் சாப்பிட்டவர்களில் 8 பேர். நூறு குடும்பங்களில் நாலு குடும்பத்துக்கு ஒரு உயிர் மிச்சம். இதைப் படித்த அன்றிலிருந்து, இவர் மாத்திரை போட்டாரா என்று நான் தினமும் ராத்திரி அட்டையை எண்ணிப் பார்க்கிறேன். "போலீஸ்காரி" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார், வைத்துக்கொள்ளட்டும்.

நோய் வராதவர்களுக்குத்தான் யோசனை. 1995-ல் மேற்கு ஸ்காட்லாந்தில் மாரடைப்பே வராத 6,595 பேரிடம் செய்த ஆய்வில், ஐந்து வருஷத்தில் மாரடைப்போ இதய நோயால் மரணமோ வந்தவர்கள், மருந்து சாப்பிடாதவர்களில் 100-க்கு 8 பேர், சாப்பிட்டவர்களில் ஐந்தரை பேர். நல்ல பலன்தான். ஆனால் அந்த 6,595 பேரும் ஆண்கள்! ஒரு பெண்கூட இல்லை. எனக்குக் கோபமே வந்தது. அப்புறம்தான் டாக்டரம்மா 2015-ல் வெளியான பெரிய தொகுப்பைப் பற்றிச் சொன்னார். 27 ஆய்வுகள், ஒரு லட்சத்து 74 ஆயிரம் பேர், அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். ஒரே அளவு அபாயம் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அதில் தெரிந்தது. எல்.டி.எல். சுமார் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறதாம்.

அபாயம் அதிகம் உள்ளவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது பெரிய லாபம். அபாயமே குறைவாக இருப்பவருக்கு அது சொற்பம்தான். அதனால் "எனக்கு எவ்வளவு ஆபத்து?" என்று முதலில் கேளுங்கள். "என் நம்பர் எவ்வளவு?" என்பது அதற்கு அடுத்த கேள்வி. வயது, சர்க்கரை, பிரஷர், குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா, எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு.

இனி கால் வலிக்கு வருகிறேன். லண்டனில் ஒரு அருமையான சோதனை செய்தார்கள், 2020-ல் முடிவு வந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேரிடம் 12 டப்பாக்கள் கொடுத்தார்கள், மாதத்துக்கு ஒன்று. நாலில் நிஜ மாத்திரை, நாலில் வெற்று மாத்திரை, நாலு டப்பா காலி. எது நிஜம், எது வெற்று என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. நிஜ மாத்திரை மாதத்தில் வந்த தொந்தரவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்று மாத்திரை மாதத்திலும் வந்திருக்கிறது! காலி டப்பா மாதத்தில் மட்டும் நிம்மதி. அந்த வலி பொய் என்று அர்த்தமில்லை. வலி நிஜமாகவே வலித்திருக்கிறது, காரணம்தான் மருந்து இல்லை. விஷயம் தெரிந்த பிறகு அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

அதற்காக மருந்து சுத்தமாக ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல முடியாது. முதல் வருஷத்தில் ஆயிரம் பேருக்குச் சுமார் 11 பேர் கூடுதலாகத் தசை வலி சொல்கிறார்கள் என்று 2022-ல் வந்த கணக்கு சொல்கிறது. தசையே சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது மிக அபூர்வம், ஆண்டுக்கு லட்சத்தில் இரண்டு மூன்று பேர். ஆனால் கடும் தசை வலியோடு சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். செரிவாஸ்டாடின் என்ற ஒரு மருந்தை இந்தக் காரணத்துக்காகவே 2001-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

என் நாத்தனார் கதையும் கால் வலிதான். "அண்ணி, இந்த மாத்திரை என்னைப் படுக்க வச்சிடும் போலிருக்கு" என்று இரண்டு மாதம் தூக்கிப் போட்டு விட்டார். சர்க்கரை உள்ளவர் ஆயிற்றே என்று எனக்குப் பயம். கையைப் பிடித்து அழைத்துப் போனேன். டாக்டரம்மா முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார். குறைவாக இருந்தது! தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், தசையும் வலிக்கும். நம் பெண்களுக்கு அது சர்வசாதாரணம். அதற்கு மருந்து கொடுத்து, பிறகு குறைந்த அளவில் ஸ்டாடினை மறுபடி ஆரம்பித்தார். தொடை உளைச்சல் போய்விட்டது. முட்டி வலி மட்டும் இருக்கிறது, அது தேய்மானம். கடிதம் எழுதிய சகோதரி தைராய்டு பார்த்தாரா என்று தெரிந்தால் நன்றாயிருக்கும்.

சர்க்கரை விஷயம் எனக்கு முக்கியம். ஸ்டாடின் சர்க்கரையைச் சற்றே ஏற்றுகிறது, உண்மைதான். 255 பேர் நாலு வருஷம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது என்று 2010-ல் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் என்னைப்போல் எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்குத்தான். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து பொதுவாகக் கொடுப்பதில்லை. குழந்தைக்குத் திட்டமிடும் மகள், மருமகள் யாராவது சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் பேசட்டும். சளிக்கும் இருமலுக்கும் வேறு டாக்டரிடம் போனால், "நான் ஸ்டாடின் சாப்பிடுகிறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் இதோடு சேர்ந்தால் ஆபத்து.

சமையலறைக்கும் பங்கு உண்டு. எண்ணெய்ப் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணிசமாகக் கிடையாது. பாமாயிலிலும் தேங்காயெண்ணெயிலும் உள்ள நிறைகொழுப்புதான் எல்.டி.எல்.லை ஏற்றுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் பூண்டு, வெந்தய வைத்தியமெல்லாம் ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரைக்கு மாற்று ஆகாது.

எனக்கு டாக்டரம்மா மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். பாமாயிலை நிறுத்தி, பலகாரத்தைக் குறைத்து, தினமும் முக்கால் மணி நடந்தேன். 152 என்பது 139 ஆயிற்று. "இப்படியே இருக்கலாம், மாத்திரையும் ஆரம்பிக்கலாம், இரண்டும் தப்பில்லை" என்றார். என் அப்பா மாரடைப்பில் போனபோது அவருக்கு 51 வயது. அதைச் சொன்னதும், "அப்படியானால் நான் ஆரம்பி என்றுதான் சொல்லுவேன்" என்றார். சர்க்கரை கொஞ்சம் ஏறினால் அரிசியைக் குறைத்துச் சமாளிக்கலாம், மாரடைப்பை அப்படிச் சமாளிக்க முடியாது என்று எனக்குப் பட்டது. சின்ன அளவில் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. வரும் மாதம் எல்.டி.எல்., கல்லீரல், மூன்று மாதச் சர்க்கரை மூன்றுக்கும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.