வரைபடத்தில் ஒரு புள்ளி

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தானாக முளைத்து வளரும் செடிகொடிகளை இடம் குறித்து, நாள் குறித்து எழுதிவைக்கும் பணி, சம்பளம் வாங்கும் பேராசிரியர்களைக் காட்டிலும் ஓய்வுநேரத்தில் வரப்பையும் ஓடைக்கரையையும் சுற்றிவரும் சாதாரண ஜனங்களாலேயே பெரும்பாலும் நடந்துவருகிறது என்பது, தாவர சாஸ்திரம் என்றால் கல்லூரிப் பாடம் என்று எண்ணிப் பழகிய நமக்கு வியப்பான விஷயந்தான். 1852-ஆம் ஆண்டில் ஹியூவெட் வாட்சன் என்பவர் இந்தக் காரியத்துக்கென்றே பிரிட்டனை 112 பகுதிகளாகப் பிரித்தார். அரசாங்கம் தன் ஜில்லா எல்லைகளை எத்தனை முறை மாற்றியபோதிலும் அந்தப் பகுதிகள் மட்டும் மாறாமல் நிற்பதால், நூறாண்டுக்கு முந்திய ஜாபிதாவையும் இன்றைய ஜாபிதாவையும் அருகருகே வைத்து ஒப்புநோக்க முடிகிறது. 1962-இல் பெரிங், வால்டர்ஸ் என்ற இரு அறிஞர்கள், நிலப்பரப்பைப் பத்துக் கிலோமீட்டர் சதுரங்களாக வகுத்து, தொண்டர்கள் அனுப்பிய குறிப்புகளைத் துளையட்டைகளில் ஏற்றி, இன்ன செடி இன்ன சதுரத்தில் உண்டு என்பதற்கு ஒவ்வொரு புள்ளியாக வரைபடத்தில் இயந்திரத்தைக் கொண்டே பதித்து நூலாக்கினார்கள். 2023-இல் வெளிவந்த அதன் மூன்றாம் தலைமுறைத் தொகுதி சுமார் 3 கோடி குறிப்புகளின்மேல் எழுந்தது. பிரிட்டனில் இயல்பாகவே தோன்றிய செடியினங்களில் பாதிக்கு மேற்பட்டவை அருகிவருகின்றன என்றும், வெளியிலிருந்து வந்து குடியேறிய இனங்கள் எண்ணிக்கையில் அவற்றை மிஞ்சிவிட்டன என்றும் அது அறிவித்தது.

இத்தகைய தீர்ப்புகளெல்லாம் அந்தப் புள்ளிகளின் யோக்கியதையைப் பொறுத்தவை. ஒரு குறிப்புக்கு நான்கு அங்கங்கள் உண்டு: எந்தச் செடி, எந்த இடம், எந்த நாள், கண்டவர் யார் என்பவை. பின்னைய மூன்றையும் எழுதப் படித்தவர் எவரும் எழுதிவிடலாம், முதலாவதுதான் கல்வி. முந்தைய தலைமுறையில் ஒரு சதுரத்தைச் சுற்றியவர் கோரைப்புற்களை நன்கறிந்தவராகவும், அடுத்து வந்தவர் அறியாதவராகவும் இருந்துவிட்டால், சதுப்பு நிலத்தில் செழித்து நிற்கும் கோரை வரைபடத்தில் மட்டும் அழிந்துபோகும். பல்கலைக்கழகங்களில் செடிகளை நேரில் கண்டறியும் படிப்பு சுருங்கிவரும் இக்காலத்தில், இனங்காண்பதில் உயர்நிலைப் பயிற்சியை அந்நாடுகளின் தாவரவியல் சங்கத்தார் இவ்வளவு சிரத்தையுடன் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இப்பயிற்சியின் முதல் வேலை, மாணவர் ஏற்கெனவே கற்றதைக் கொஞ்சம் அசைத்துவிடுவதாகும். தெருமுனையில் வருபவரை நடையைக் கொண்டே அத்தை மகன் என்று அறிந்துகொள்வதுபோல, செடிகளோடு சில வருஷம் பழகியவர் பொதுத் தோற்றத்தைக் கொண்டே பெயர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் பட்டர்கப் செடிகளையே எடுத்துக்கொள்ளலாம். மிகச் சாதாரணமான மூன்று இனங்களையும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றே. ஆசிரியரோ பூவின் மேற்புறத்தைப் பாராமல் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார்: புல்லியிதழ்கள் காம்பை நோக்கி மடங்கித் தொங்கினால் ஓர் இனம், மடங்காமல் நின்று, பூக்காம்பில் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் ஓடி, தரையில் படர்கொடியும் விட்டிருந்தால் வேறோர் இனம், காம்பு வழவழவென்று உருண்டிருந்தால் மூன்றாவது. ஆயினும் புல்லியிதழ் மடங்கும் லட்சணம் அபூர்வமான நான்காம் இனம் ஒன்றுக்கும் உண்டு என்று அவர் மெல்லச் சேர்க்கும்போதுதான், மாணவர் உண்மையில் மேல் வகுப்பில் காலடி வைக்கிறார்.

புல்லினங்களில் இந்த அப்பியாசம் இன்னும் கடினம். பூக்கதிர் இல்லாத காலத்தில், இலையைத் தண்டிலிருந்து சற்றே விலக்கி, இரண்டும் சேருமிடத்தில் நிற்கும் நாக்கு போன்ற மெல்லிய சவ்வைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸில் பார்க்க வேண்டும்; அது நீண்டு கூராக இருப்பதும் குட்டையாக மழுங்கியிருப்பதும் இரண்டு சாதாரணப் புற்களைப் பிரித்துவிடும். பூவையே நம்பாமல் இலையையும் தண்டையும் கொண்டு நிர்ணயிப்பதற்காக ஜான் போலண்டும் எரிக் கிளெமென்டும் 2009-இல் தனி நூலே வெளியிட்டார்கள். கிளைவ் ஸ்டேஸின் பெரிய நூல், இதுவா அதுவா என்று இரண்டிரண்டு வாக்கியங்களாகக் கேட்டுக்கொண்டே போய்ப் பெயரில் கொண்டு நிறுத்தும். விரும்பிய பெயர் கிடைக்கும்படி பதில் சொல்லிக்கொண்டு போகும் துர்ப்பழக்கத்தை விடுவதற்குத்தான் மாணவருக்கு அதிக காலம் பிடிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தேர்ச்சியை அளக்க அந்தச் சங்கத்தார் ஒரு சான்றிதழ்ப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். அறைக்குள் மேஜைமேல் வைத்த மாதிரிகளுக்குப் பெயர் எழுதவேண்டும். பிறகு வெளியே ஒரு நிலத்தில், குறித்த நேரத்துக்குள், கண்ணில் படும் செடிகளையெல்லாம் ஜாபிதா போடவேண்டும். ‘தேறினார்’, ‘தவறினார்’ என்பதற்குப் பதிலாக ஆறு படிகளில் இன்ன படி என்று முடிவு சொல்லுகிறார்கள். மேற்படிகளை எட்டுவோர் சிலரே.

எல்லாப் படியும் ஏறியவருங்கூடப் பெயரிடத் தயங்கும் செடிகள் உண்டு. டாண்டிலியன் என்ற எளிய மஞ்சள் பூச்செடி, பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை கொள்வதால், தாயின் லட்சணத்தை அணுவளவும் மாற்றாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து, பிரிட்டனில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட நுண்ணினங்களாகப் பிரிந்து நிற்கிறது. தகுந்த பயிற்சி பெறாதவர் அவற்றையெல்லாம் ஒரே தொகுதியாகக் குறித்துவிட்டு நகர்வதே முறை. அது பதிவில் குற்றமாகாது. நமது சுக்கான்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த டாக் செடிகளிலோ, விதையைச் சூழ்ந்து நிற்கும் மூன்று மடல்களின் ஓரத்தில் பல் உண்டா, முதுகில் மரு உண்டா என்று பார்த்தாலன்றி இனம் சொல்வது கடினம். அவை முற்றுவதோ கோடையின் பிற்பகுதியில். அப்போதும் சந்தேகம் நீங்காவிட்டால், செடியை அழுத்தி உலர்த்தி, கண்ட இடமும் நாளும் எழுதிய சீட்டை இணைத்து, அந்தப் பேரினத்துக்கென்று சங்கம் நியமித்திருக்கும் நிபுணருக்கு அனுப்பி, அவர் பதில் வரும்வரை வரைபடத்தில் அந்தச் செடிக்குரிய சதுரத்தைக் காலியாகவே விட்டுவைக்கிறார்கள்.