பல்லிக்கும் எனக்கும் பத்தடி தூரம்

பதினைந்து வருடங்களாக நான் குளியலறைக்குள் சும்மா போனதில்லை. விளக்கமாற்றுக் கட்டையால் கதவில் இரண்டு தட்டு. திறந்ததும் விளக்கைப் போட்டு, வாசலில் நின்றபடியே கூரை, ஜன்னல் சட்டம், கதவின் பின்புறம், வாளிக்குள் என்று ஒரு சுற்றுப் பார்வை. பல்லி இல்லையென்றால் உள்ளே போவேன். இருந்தால் யாராவது வந்து விரட்டும்வரை வெளியே நிற்பேன். வெளியூர்க் கல்யாணங்களில் மண்டபத்து அறையை மாற்றித் தரச் சொல்லி வாங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களிடம் ஏசி சரியில்லை என்று சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, உடல்நலப் பக்கத்துக்கு மாதாமாதம் எழுதுகிறவள், விரல் நீளப் பிராணிக்குப் பயந்து அறை மாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது?

பயம் வேறு, இது வேறு

பாம்பென்றால் படையும் நடுங்கும். நடுங்கவும் வேண்டும், அந்த நடுக்கம்தான் நம் முன்னோரை உயிரோடு வைத்திருந்தது. இரவு பதினொரு மணிக்குத் தெருமுனையில் ஐந்தாறு நாய்கள் கூடி உறுமினால் வேறு வழியாகப் போவதும் கோளாறு ஆகாது. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் பிழைப்பது மிக அரிது என்னும்போது அது விவேகம்தான்.

மருத்துவர்கள் ஃபோபியா என்று சொல்வது இந்த எல்லையைத் தாண்டிய பயத்தை. கிரேக்கர்களின் அச்சத் தெய்வமான ஃபோபோஸின் பெயரிலிருந்து வந்த சொல் அது. உள்ள ஆபத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில் பயம் வர வேண்டும். அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையை அது வளைத்திருக்க வேண்டும். லிஃப்டுக்குப் பயந்து ஏழாவது மாடி வேலையை வேண்டாமென்று சொன்னவர், ஊசிக்குப் பயந்து இன்சுலினைத் தள்ளிப்போடும் சர்க்கரை நோயாளி, இடிச் சத்தத்துக்குப் பயந்து ஐப்பசி முழுக்க வீட்டை விட்டு வெளியே வராதவர் எல்லோரும் இதில் சேர்த்தி. நம் ஊரில் இதற்கு நாசூக்கான ஒரு பெயர் உண்டு: “எனக்குக் கரப்பான்னாலே அலர்ஜி.” அலர்ஜி என்றால் யாரும் சிரிப்பதில்லை. பயம் என்றால் சிரிப்பார்கள். 2000-இல் வந்த ‘தெனாலி’ படத்தில் கமல்ஹாசன் எதைக் கண்டாலும் நடுங்கியபோது தியேட்டரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன்.

இதில் பெரிய கொடுமை, பயப்படுகிறவருக்கே அது அர்த்தமற்றது என்று தெரிந்திருப்பது. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது என்று நானே எழுதியிருக்கிறேன். அது விழுந்த சாப்பாடு வயிற்றைக் கெடுக்குமானால் அதன் எச்சத்திலும் தோலிலும் உள்ள கிருமிகளால்தான் என்றும் எழுதியிருக்கிறேன். எழுதிய கை, பல்லியைக் கண்டதும் வியர்த்தது. மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அது கருதினால், நாம் யோசித்து முடிக்கும் முன்பே அட்ரினலின் சுரந்துவிடும். இதயம் படபடக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும், கால் துவளும். அமிக்டலாவுக்குப் பத்திரிகை படிக்கும் பழக்கம் இல்லை.

விலகிப் போவது போடும் தீனி

1920-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் செய்த சோதனை ஒன்று உண்டு. வெள்ளெலியைக் கண்டு பயமே இல்லாமல் கை நீட்டிய கைக்குழந்தை ஒன்று. அது எலியைத் தொடப்போகும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளிலேயே, சத்தம் இல்லாமல் எலியை மட்டும் காட்டினாலும் குழந்தை அழுதது. பிறகு முயலைக் கண்டும் அழுதது. உண்டாக்கிய பயத்தை அவர்கள் போக்காமலே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத காரியம்.

நாம் இரும்புத் தண்டை எடுப்பதில்லை, அவ்வளவுதான். “சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று சோற்றுக் கிண்ணத்தோடு மிரட்டுகிற வீடுகளை எண்ணி முடியாது. அம்மா கரப்பானைக் கண்டு நாற்காலி மேல் ஏறினால் பிள்ளையும் ஏறக் கற்றுக்கொள்ளும். பயம் இப்படியும் தொற்றும்.

ஆனால் எப்படி வந்தது என்பதைவிட ஏன் போகவில்லை என்பதே முக்கியம். பல்லியைப் பார்க்கிறேன், ஓடுகிறேன், படபடப்பு அடங்குகிறது. அப்பாடா என்கிற அந்த நிம்மதிதான் தீனி. ஓடியதால் தப்பித்தோம் என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்கிறது. ஓடாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. என் விளக்கமாற்றுத் தட்டலும் இதே வகைதான். பாதுகாப்பு என்று நினைத்துப் பதினைந்து வருடம் பயத்தைப் போஷித்து வளர்த்திருக்கிறேன்.

சிறு வயதில் எனக்கும் ‘பயந்த கோளாறு’ என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. என் பயத்தை அவர்கள் பொருட்படுத்தினார்கள், அதுவே ஆறுதல். ஆனால் பல்லிக்கும் எனக்கும் இருந்த தூரம் குறையவில்லை.

முயலும் தின்பண்டமும்

அந்தத் தூரத்தைக் குறைத்துக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். பீட்டர் என்று அவர் பெயரிட்டு எழுதிய மூன்று வயதுப் பையனுக்கு முயலைக் கண்டால் அலறல். பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் முயலை வைத்து அறையின் தூரத்து மூலையில் நிறுத்தினார். நாளாக நாளாகக் கொஞ்சம் கிட்டே. கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். 1924-இல் இது கட்டுரையாக வந்தது.

தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-இல் வெளியிட்ட நூலில் இதையே பெரியவர்களுக்கான முறையாக வகுத்தார். பயங்களைப் படிப்படியாக அடுக்குவது, ஒவ்வொரு படியிலும் உடலைத் தளர்த்திப் பழகுவது. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். பிற்பாடு லண்டனில் மனநல மருத்துவர் ஐசக் மார்க்ஸ், மருத்துவர் பக்கத்தில் நிற்காமல் நோயாளி தானாகவே இதைச் செய்ய முடியும் என்று காட்டினார். சுய முயற்சி என்று நான் இங்கே சொல்வது இந்த வழியைத்தான். கண்ணாடி முன் நின்று “எனக்குப் பயமில்லை” என்று நூறு முறை சொல்வதை அல்ல. அதையும் செய்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பல்லி வந்தது.

என் ஏணி

பழைய நோட்டில் கீழிருந்து மேலாக எழுதினேன். பல்லியின் கோட்டோவியம் வரைவது, 15. போனில் படம் பார்ப்பது, 30. கத்துகிற சத்தத்தோடு வீடியோ, 45. பொம்மைக் கடையில் வாங்கிய ரப்பர் பல்லியை உள்ளங்கையில் வைத்திருப்பது, 50. கூடத்துச் சுவரில் நிஜப் பல்லி, பத்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருவது, 60. ஐந்தடி, 70. பல்லி இருக்கும் குளியலறையில் கதவைத் திறந்துவைத்து நிற்பது, 85. கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பது, 95. துண்டாகித் துடிக்கும் வாலைக் காகிதத்தில் அள்ளிப்போடுவதற்கு மதிப்பெண்ணே போட முடியவில்லை.

படத்தைக் கடக்க இரண்டு நாள் பிடித்தது. ரப்பர் பல்லி ஆச்சரியப்படுத்தியது. பொம்மை என்று தெரிந்தும் முதல் தடவை கீழே எறிந்துவிட்டேன். மகன் எடுத்துத் தந்தான். ஒரு வாரம் அதை மேசையில், போனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

பத்தடிப் படிதான் உண்மையான வேலை. இரவு எட்டரை மணி, டியூப்லைட் பக்கம் அது வழக்கமாக வரும் நேரம். நாற்காலியில் உட்கார்ந்ததும் 65. அது ஒரு அடி நகர்ந்தபோது 80. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றிய அந்த இடத்தில் உட்கார்ந்தே இருப்பதுதான் மொத்த மருத்துவமும். பன்னிரண்டாவது நிமிடம் 70. இருபதாவது நிமிடம் 50. அப்போதுதான் அதை முதன்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் தோல் மெலிந்து, வயிற்றுக்குள் நிழலாட்டம் தெரிந்தது. இமை கிடையாது அதற்கு. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஈசல் ஒன்றைப் பிடிக்கப் போய்க் கோட்டைவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. மதிப்பெண் 35.

ஒரே நாளில் ஒருமுறை செய்தால் போதாது. அதே படியில் மறுநாள், அதற்கு மறுநாள், பகலில், வேறு அறையில், யாரும் கூட இல்லாமல் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஆரம்ப மதிப்பெண் பாதியாகக் குறைந்தபின் அடுத்த படி. தாண்டவே முடியாத படி என்றால் நடுவில் இன்னொரு படி செருக வேண்டும் என்று பொருள். ஐந்தடிக்கு முன் ஏழடி சேர்த்துக்கொண்டேன்.

உட்காருமுன் ஒரு வரி எழுதிவைப்பது எனக்கு மிகவும் உதவியது. என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்? “மேலே பாய்ந்து ஏறும், மயங்கி விழுவேன்.” முடிந்தபின் நடந்ததை எழுதினேன்: “ஈசல் தின்றது.” மூச்சை மெதுவாக, உள்ளிழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி விடலாம். ஆனால் போனைப் பார்ப்பது, கண்ணை மூடுவது, கையில் விளக்கமாற்றைப் பிடித்துக்கொள்வது எல்லாம் ஓடுவதற்குச் சமம். பயத்தைக் குறைக்க அதோடு சண்டை போடவும் தேவையில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962-லேயே தம் நூலில் வற்புறுத்தியது இதைத்தான்: எதிர்கொள், ஏற்றுக்கொள், அதோடு மித, நேரம் கடக்கட்டும்.

ஊசிக்கு மட்டும் வேறு பாடம்

ரத்தம், ஊசி, காயம் என்றால் பயம் வேறு மாதிரி வேலை செய்கிறது. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும்; யாரும் எளிதில் மயங்குவதில்லை. இதில் மட்டும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்குகிறது. கண் இருட்டி, ஆள் சாய்ந்துவிடுகிறார். குடும்பத்தில் ஓடுகிற சுபாவமும் இதற்கு அதிகம். ஆகவே “உடம்பைத் தளர விடுங்க” என்று நர்ஸ் சொல்லும் நல்ல வார்த்தை, இவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது.

ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்டும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதற்கு எதிரான பயிற்சியை வகுத்தார்கள். உட்கார்ந்து, கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்க வேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை, பத்துப் பதினைந்து விநாடி. பிறகு முழுதாகத் தளர்ந்து போகாமல், சாதாரண நிலைக்கு வந்து இருபது முப்பது விநாடி இருக்க வேண்டும். மறுபடி இறுக்கம். இப்படி ஐந்து முறை, தினமும். இது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். பழகிய பிறகு இதைச் செய்தபடியே ஏணியில் ஏறலாம்: ஊசியின் படம், மூடி போட்ட சிரிஞ்சு, பரிசோதனைக்கூடத்தின் வாசல், வேறொருவருக்கு ரத்தம் எடுப்பதைப் பார்ப்பது. ஊசி போடும் கையை மட்டும் அந்த நேரத்தில் இறுக்கக் கூடாது. முன்பே சொல்லிப் படுத்துக்கொண்டு போட்டுக்கொள்வதில் வெட்கம் எதுவுமில்லை. ரத்த அழுத்த நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்த இறுக்கப் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

தனியாக ஏறக் கூடாத ஏணிகள்

விபத்தோ வன்முறையோ பாலியல் துன்புறுத்தலோ விட்டுச்சென்ற பயத்தைச் சொந்த முயற்சியில் கிளறக் கூடாது. காரணமே இல்லாமல் திடீர் திடீரென்று படபடப்பு வந்து, வெளியே போவதே நின்றுபோனவர்களும், தொண்டையில் அடைத்துவிடும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்து மெலிகிறவர்களும், பயத்தை மறக்கக் குடியைத் தொட்டவர்களும், தூக்க மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிப் போடுகிறவர்களும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் இன்றே பார்க்க வேண்டும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உதவி தேடுவதை நீண்ட சிகிச்சை என்று எண்ணித் தயங்கவும் வேண்டாம். தனி ஒரு பொருளைப் பற்றிய பயத்துக்கு, அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் சிகிச்சை முடிக்கும் முறையையும் அதே ஓஸ்ட் 1989-இல் விளக்கி எழுதினார்.

தோளில் விழுந்த அன்று

ஏழாவது வாரம் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன். அந்த ஆண்டே காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில், இத்தனை நாளும் வரிசையிலிருந்து நழுவி வெளியே நின்றவள், ஏணிப்படியில் ஏறித் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வந்தேன். உலோகம்தான் என்றாலும் என் நோட்டில் அதற்கு 40 போட்டிருந்தேன்.

பிறகு ஒரு கார்த்திகை மாத இரவில், சமையலறை அலமாரியைத் திறந்தபோது நிஜப் பல்லி தோளில் விழுந்தது. பால் பாத்திரத்தோடு கூடத்துக்கு ஓடினேன். மறுநாள் காலை விளக்கமாறு கைக்கு வந்துவிட்டது. மேரி கவர் ஜோன்ஸின் பீட்டருக்கும் இதுதான் நடந்தது. நடுவே ஸ்கார்லெட் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து, வெளியே வரும்போது பெரிய நாய் ஒன்று பாய்ந்ததில் பழைய பயம் முழுதாகத் திரும்பியது. அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நானும் ரப்பர் பல்லியைத் தேடி எடுத்தேன். அம்மா பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கொண்டு, “எந்தத் தோள்ல விழுந்துச்சு, வலதா இடதா?” என்று கேட்டார். ஓடிய வேகத்தில் அதை யார் பார்த்தது? ஏழு வாரம் ஏறிய ஏணியை இந்த முறை நான்கு நாளில் ஏறிவிட்டேன்.