நம் பான் கார்டில் யாருடைய கடை?

மாதுங்கா, தாராவிப் பக்கம் நம்மவர் கடைகளுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். வாடகை வீடு, சிம் கார்டு, கடன் என்று யார் கேட்டாலும் பான், ஆதார் ஜெராக்ஸை நீட்டிவிடுகிறோம். அதை வைத்து எவரோ ஜி.எஸ்.டி. பதிவு வாங்கி, சரக்கே இல்லாமல் பில் போட்டால் நோட்டீஸ் நமக்குத்தான் வரும். தோசைக் கடைக்காரர் ஒருவருக்கு வேறு மாநிலத்து இரும்பு வியாபாரத்துக்காக வந்தது. கல்லை விட்டு நகராத மனிதர், பாவம்!

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால் அதன்பேரில் உள்ள பதிவுகளெல்லாம் தெரியும். காசு கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். நகலின் குறுக்கே தேதியும் காரணமும் எழுதிக் கொடுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரே பல இடங்களுக்குப் போதும். வங்கிப் பணமே போய்விட்டால், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.