பரமபதம் முதல் பப்ஜி வரை... எது கிளாசிக் பாஸ்?

மார்கழி மாசம், வைகுண்ட ஏகாதசி ராத்திரி. ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் எப்போ திறக்கும்னு ஊரே கண் முழிச்சுக் காத்திருக்கும். தூக்கம் கண்ணைச் சுத்தாம இருக்க நம்ம பாட்டிமார்கள் கண்டுபிடிச்ச டெக்னிக் என்ன தெரியுமா? பரமபதக் கட்டத்தை விரிச்சு, தாயக்கட்டையை உருட்டுறதுதான். நல்ல குணத்துக்கு ஏணி, கெட்ட குணத்துக்குப் பாம்பு. மாட்டினா சர்ர்ர்னு கீழே!

கொஞ்சம் யோசிங்க ஃப்ரெண்ட்ஸ். இந்த கேமுக்கு கம்பெனி கிடையாது, சர்வர் கிடையாது, அப்டேட் கிடையாது. ஆனாலும் எத்தனையோ தலைமுறை தாண்டி ஓடுது. இங்கிருந்து கப்பலேறி, 1890-களில் இங்கிலாந்தில் 'ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆச்சு. அதோட அண்ணன் முறையான பச்சீசி, 1896-ல் அங்கேயே 'லூடோ'ங்கிற பேர்ல காப்புரிமை வாங்கிச்சு. அந்த லூடோதான் 2020 லாக்டவுன்ல 'லூடோ கிங்'கா வேஷம் கட்டி, நம்ம அம்மா, சித்தி மொபைல் வரைக்கும் வந்து உட்கார்ந்துச்சு. கிளாசிக்னா இதான் பாஸ்!

சரி, இப்போ நாம விளையாடுற கேம்ஸ்ல எது இப்படி நிக்கும்? நம்ம பேரப்பசங்க எதைப் பார்த்து, 'தாத்தா, ஒரு மேட்ச் போடலாமா?'னு கேட்பாங்க?

நாலு கேள்வி... பாஸா, ஃபெயிலா?

அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்தில் 'தி ஸ்ட்ராங்'னு ஒரு விளையாட்டு மியூசியம் இருக்கு. 2015-ல இருந்து அங்கே வருஷா வருஷம் வீடியோ கேம்களை 'ஹால் ஆஃப் ஃபேம்'ல சேர்க்கிறாங்க. டெட்ரிஸ், பேக்மேன், சூப்பர் மரியோ எல்லாம் முதல் பேட்ச். அவங்க பார்க்கிறது நாலே விஷயம். பார்த்ததும் அடையாளம் தெரியுதா? ரொம்ப நாள் தாங்குதா? தேசம் தாண்டிப் பரவுச்சா? பின்னாடி வந்த கேம்களை மாத்துச்சா?

இதை வெச்சு நம்ம ஹாஸ்டல் ஹீரோக்களுக்கு ஒரு செமஸ்டர் எக்ஸாம் வைப்போமா?

கவுன்டர் ஸ்ட்ரைக்: 'ஹாஃப் லைஃப்' கேமை நோண்டி, ரெண்டு காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் 1999-ல் விட்ட சமாச்சாரம். ஆமாம், நம்மளை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்தான்! அடுத்த வருஷமே வால்வ் கம்பெனி அதைக் கையோட வாங்கிப் போட்டுச்சு. 2001-ல் வந்த 'டஸ்ட் 2' மேப்பில் இன்னிக்கும் சண்டை நடக்குது. திருச்சியில எந்த இன்ஜினீயரிங் சீனியரைக் கேட்டாலும், லேன் கேபிள் இழுத்து விடிய விடிய சுட்ட கதை ஒண்ணு வெச்சிருப்பார். டிஸ்டிங்ஷன்!

மைன்கிராஃப்ட்: 2011-ல் முழுசா ரிலீஸ். 2023-க்குள்ள 30 கோடிக்கு மேல் விற்பனை. ஹால் ஆஃப் ஃபேம்ல 2020-லயே சீட் கன்ஃபர்ம். இதோட ரகசியம் சிம்பிள். கதையை நீயே கட்டிக்கோன்னு விட்டுட்டாங்க. நம்ம ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாவே நின்னு, 1987-ல்தான் 236 அடிக்கு முழுசாச்சு. மைன்கிராஃப்ட் கோபுரமும் அப்படித்தான். ஒருத்தன் விட்ட இடத்துல இன்னொருத்தன் கட்டிக்கிட்டே போகலாம். கோல்டு மெடல்!

பப்ஜி: இங்கதான் சிக்கலே! அடையாளமா, பரவலா, பாதிப்பா... எல்லாத்துலயும் ஃபுல் மார்க். ஆன்லைன் கிளாஸை மியூட்ல போட்டுட்டு, 'டேய், எனிமி டா!'னு கத்தினவங்கதானே நாம? ஆனா 2020 செப்டம்பர் 2-ம் தேதி, தடை வந்துச்சு. 2021 ஜூலையில் 'பி.ஜி.எம்.ஐ.'ங்கிற பேர்ல வந்து, 2022 ஜூலையில் மறுபடி காணாமப்போய், 2023 மே மாசம் திரும்பி வந்துச்சு. தடைக்கான காரணம் சரியா, தப்பாங்கிறது வேற பஞ்சாயத்து. கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். ஆட நாம ரெடி, ஆனா ஸ்விட்ச் நம்ம கையில இல்ல!

காசு கொடுத்தும் நம்மளது இல்லையா?

தடையே வரலைன்னாலும் இதே கதி வரும். யூபிசாஃப்ட்டோட 'தி க்ரூ' கார் ரேஸ் கேம் 2014-ல் வந்துச்சு. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினாங்க. அவ்வளவுதான், காசு கொடுத்து வாங்கினவங்களுக்கும் கேம் ஓவர்! அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேல கையெழுத்து விழுந்துச்சு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டமே இருக்கு. நீங்க வாங்குறது பொருள் இல்ல, லைசென்ஸ்தான்னு கடைக்காரன் முன்கூட்டியே சொல்லியாகணும்.

இன்னொரு ஷாக். 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவில் வந்த பழைய கேம்களில் 87 சதவிகிதம் இப்போ கடையில வாங்கவே கிடைக்காது. அதாவது, கிளாசிக் ஆகுறதுக்கு நல்ல கேமா இருந்தா மட்டும் போதாது. உயிரோட இருக்கணும்!

டார்க் ஹார்ஸ்... நம்ம வெண்பா!

இந்த ரேஸ்ல என்னோட ஓட்டு யாருக்குன்னா, 2023 ஜூலை 31-ல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வுக்கு. 1988-ல் தமிழ்நாட்டில் இருந்து கனடா போன வெண்பா, பாவலன், அவங்க பையன் கவின்... இவ்வளவுதான் குடும்பம். துப்பாக்கி இல்ல, துரத்தல் இல்ல. பாதி அழிஞ்சுபோன அம்மாவோட சமையல் நோட்டை வெச்சு இட்லியும் புட்டும் செய்யணும், அதான் கேம்! தமிழ் பேசக் கூச்சப்படுற பையனைப் பார்க்கும்போது நமக்கும் லேசா சுருக்குனு குத்தும். 2024-ல் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம், இண்டி கேம்ஸ் ஃபெஸ்டிவலில் முதல் பரிசுனு அள்ளிக் குவிச்சுது. கவுன்டர் ஸ்ட்ரைக் கூட்டம் இதுக்கு இல்லதான். ஆனா தனி ஆளா ஆடலாம், சர்வரை நம்பி இல்ல, கதை நம்ம வீட்டுக் கதை. தாங்கும் பாஸ்!

சரி, நாம என்ன பண்ணலாம்? 2020 டிசம்பரோட ஃபிளாஷ் செத்தப்போ, 'ஃபிளாஷ்பாயின்ட்'ங்கிற குழு லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டி கேம்களையும் அனிமேஷன்களையும் காப்பாத்தி வெச்சாங்க. செஞ்சது ஆர்வக்கோளாறு ஆசாமிகள்தான்! நாலு வருஷம் கோடிங் படிக்கிற நமக்கு இது முடியாதா என்ன? பரண்மேல கிடக்கிற பழைய சி.டி.யைக் குப்பைக்குப் போடாதீங்க. காலேஜ் சிம்போசியத்துல பழைய கேமுக்கு ஒரு ஸ்டால் போடுங்க. ஃபைனல் இயர் புராஜெக்ட்டா ஒரு கேம் பண்ணினா, இன்டர்நெட் இல்லாமலும் ஓடுற மாதிரி பண்ணுங்க.

பரமபதத்தை யாராலும் 'சர்வர் டவுன்' பண்ண முடியலை. ஏன்னா அது கட்டத்திலும் தாயக்கட்டையிலும் மட்டும் இல்ல, சொல்லிக்கொடுத்த பாட்டிகிட்டயும் இருந்துச்சு. உங்க ஃபேவரிட் கேமை இன்னிக்கே உங்க தங்கச்சிக்கோ தம்பிக்கோ சொல்லிக்கொடுங்க. அவங்க அடுத்த வருஷமும் அதைத் தேடி வந்தா... மச்சி, உன் கேம் கிளாசிக்!