கோழிக்கும் குளிருமே, அம்மா!

"கோழி போனா போகுது, கம்ப்யூட்டர் கோழிதானேடி!" என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அப்படிச் சிரித்தது எவ்வளவு பெரிய தப்பு என்பது அடுத்த இரண்டு நாட்களில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

என் பெண்ணுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டுப்பாடம் முடித்து, பாலையும் குடித்துவிட்டால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஸ்டார்ட்யூ வேலி என்று ஒரு விளையாட்டு. சண்டை, துப்பாக்கி என்று அமர்க்களப்படுத்துகிற ரகம் அல்ல. தாத்தா விட்டுச்சென்ற பழைய பண்ணையைச் சீர்படுத்தி, பயிர் வைத்து, கோழி மாடு வளர்த்து, ஊர்க்காரர்களோடு பழக வேண்டும். அவ்வளவுதான். எரிக் பரோன் என்ற அமெரிக்கர், படம், இசை, கதை எல்லாவற்றையும் ஒரே ஆளாக நாலரை வருஷம் உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டாராம்.

அதில் அவள் எட்டுக் கோழிகள் வளர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அதில் வெள்ளைக் கோழி 'பஞ்சு' என்றால் உயிர். ஒரு நாள் சாயங்காலம் அவசரமாகக் கொட்டில் கதவைச் சாத்திவிட்டாள். பஞ்சு இன்னும் உள்ளே வரவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. இந்த விளையாட்டில் அப்படி வெளியே மாட்டிக்கொண்ட கோழியை இரவில் காட்டு மிருகம் பிடித்துக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. மறுநாள் பஞ்சு இல்லை.

அவள் அழுதபோதுதான் நான் சிரித்தேன். அன்று இரவு சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள்!" என்று என் கணவரிடம் அலுத்துக்கொண்டேன். படுத்த பிறகுதான் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். குஞ்சிலிருந்து நான் வளர்த்த செவலைக் கோழியை விருந்தாளிகள் வந்த அன்று குழம்பு வைத்துவிட்டார்கள். நான் அழுததைப் பார்த்து மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நானும் அதையேதானே செய்திருக்கிறேன்?

மறுநாள் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "எனக்கும் சொல்லிக்கொடேன்" என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக நகர்ந்து இடம் விட்டாள்.

பனிக்கு முன்னே பந்தோபஸ்து

அவள் பண்ணையில் அப்போது இலையுதிர் காலம், பதினேழாம் தேதி. இந்த விளையாட்டில் வருஷத்துக்கு நான்கு பருவங்கள், பருவத்துக்கு 28 நாட்கள். அடுத்து வருவது குளிர்காலம். பனி கொட்டும். புல் வளராது. கோழிகளும் மேய்ச்சலுக்கு வெளியே வராது. முழுப் பருவமும் கொட்டிலே கதி.

"குளிருமே அம்மா, என்ன செய்யலாம்?" என்றாள். விசாரித்ததில் வழி தெரிந்தது. கால்நடை விற்கும் மார்னி என்ற அம்மாளின் கடையில் ஹீட்டர் கிடைக்கிறது. விலை 2,000 காசு. அதை வாங்கிக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டால் போதும், குளிர்காலத்தில் கோழிகளின் மனநிலை வாடாமல் இருக்கும். ஆமாம், இந்த விளையாட்டில் கோழிக்கு மனநிலை உண்டு! தினமும் ஒரு தடவை தடவிக்கொடுத்தால் நம்மிடம் ஒட்டிக்கொள்கிறது. பட்டினி போட்டால், குளிரில் விட்டால் முகம் வாடுகிறது. அது வாடினால் முட்டையின் தரமும் இறங்குகிறது. மாடும் ஆடும் இருந்தால் அந்தக் கொட்டகைக்குத் தனியாக இன்னொரு ஹீட்டர் வாங்க வேண்டும்.

"பனி விழட்டும், வாங்கிக்கலாம்" என்றாள் என் பெண். இங்கேதான் நம் போன்ற குடும்பத் தலைவிகளின் மூளை வேலை செய்கிறது! நான் காலண்டரைப் பார்த்தேன். அந்த ஊரில் எந்தப் பருவமும் திங்கட்கிழமைதான் பிறக்கிறது. மார்னியின் கடைக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. பனி விழுந்த பிறகு ஓடினால், கதவு சாத்தியிருக்கும். புதன்கிழமை வரை கோழிகள் நடுங்கவேண்டியதுதான். முந்தின பருவத்தின் கடைசி நாள், 28-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு மணிக்குள் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதை நான் சொன்னதும் என் பெண் கண்கொட்டாமல் பார்த்தாளே ஒரு பார்வை! "அம்மா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" மளிகைக்கடை எந்தக் கிழமை லீவு என்று தெரியாமலா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேன்?

கணக்குப் போட்டோம்

ஹீட்டர் மட்டும் போதாதே, தீனி வேண்டாமா? இருவரும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம்.

மீதி இருந்தவை ஏழு கோழிகள். ஒன்றுக்கு நாளைக்கு ஒரு கட்டு உலர்புல். 28 நாளுக்கு 196 கட்டு. கடையில் ஒரு கட்டு 50 காசு. அத்தனையும் வாங்கினால் 9,800 காசு ஆகிவிடும். ஆனால் ராபின் என்ற தச்சர் அம்மாளிடம் சொல்லி சைலோ கட்டிக்கொண்டால், வயலில் அறுக்கிற புல் அதில் தானே சேர்கிறது. நம் வீட்டு நெல் குதிர் மாதிரி. அதன் கொள்ளளவு 240 கட்டு. ஆக, இருக்கிற நாட்களுக்குள் அரிவாளை எடுத்து அறுத்து நிரப்பிவிட்டால் குளிர்காலச் செலவு மிச்சம்.

ஹீட்டருக்கு 2,000 காசா என்று முதலில் எனக்கும் மலைப்பாக இருந்தது. சாதாரண முட்டை ஒன்று 50 காசுக்கு விலை போகிறது. ஏழு கோழி நாளைக்கு ஏழு முட்டை, 350 காசு. ஆறு நாளில் ஹீட்டர் காசு திரும்பிவிடும். பெருக்கல் வாய்ப்பாடு என்றாலே காத தூரம் ஓடுகிறவள், அன்று நான் சொல்வதற்கு முன்னே விடை சொன்னாள்.

"ஒரு நிமிஷம்மா" ஏன்?

பக்கத்தில் உட்கார்ந்ததில் இன்னொன்றும் விளங்கிற்று. "போதும், எழுந்திரு" என்றால், "ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம்!" என்று கெஞ்சுவாள். பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. எங்கள் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு, அன்றைய நாள் முடிந்து படுக்கப் போனால்தான் பதிவாகிறது. நடுவில் அணைத்தால் அன்று செய்த வேலை முழுவதும் போச்சு! அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

விளையாட்டில் ஒரு முழு நாள், நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிஷம். ஆகவே "அரைமணி நேரம்" என்ற கண்டிப்பை விட்டுவிட்டு, "சாயங்காலம் இரண்டு நாள்" என்று பேசி வைத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் படுக்கைக்குப் போனதும் அவளே எழுந்துவிடுகிறாள். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவே ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்கிறேன். கண்ணுக்கும் ஓய்வு.

நிஜக் கோழிக்கு?

இந்த அமளியை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "பெரிய கோழிக்கு இறகு இருக்கு, அது தாங்கிக்கும். குஞ்சுக்குத்தான்டி கணப்பு வேணும்" என்றார். கிராமத்தில் கோழி வளர்த்துப் பழகிய கை அவருடையது.

வாஸ்தவம்தான். கோழியின் உடல் சூடே சுமார் 41 டிகிரி, நம்மைவிட நாலு டிகிரி கூடுதல். ஆனால் தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். "தெர்மாமீட்டர் எதுக்கு, குஞ்சே சொல்லும்" என்பார் அத்தை. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பரவலாக நடமாடித் தீனி பொறுக்கினால் சரியான பதம். பல்பை மட்டும் வைக்கோலில் படாமல் உயரக் கட்டவேண்டும், தீப்பிடித்தால் ஆபத்து.

விளையாட்டைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கொட்டிலில் ஹீட்டர் வைத்துவிடாதீர்கள்! நமக்கு எதிரி கோடை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நிழலும் காற்றோட்டமும் அடிக்கடி மாற்றிய குளிர்ந்த தண்ணீரும்தான் அதற்கு மருந்து.

பனி விழுந்தது

28-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் ஹீட்டரை வாங்கினாள். குதிரும் நிரம்பியிருந்தது. படுக்கப் போகுமுன் கொட்டிலுக்குள் நுழைந்து, ஒன்று, இரண்டு என்று ஏழு வரை வாய்விட்டு எண்ணினாள். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினாள். மறுநாள் பண்ணை முழுதும் வெள்ளை வெளேரென்று பனி. கொட்டிலுக்குள் ஏழும் சௌக்கியம்.

குளிர்காலம் பாதி நடக்கையில் ஒரு குஞ்சு வாங்கினாள். வெள்ளைக் குஞ்சு. "பஞ்சுன்னே பேர் வெச்சிடேன்" என்றேன்.

"வேண்டாம்மா, அது பஞ்சுவோட பேரு" என்றாள்.

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "சரி, வேற பேரு யோசிப்போம்" என்றேன்.