காரணம் சொல்லும் கடமை

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராஸ்வெல் நகரத்தில், குடியிருப்புப் பகுதியில் காலியாகக் கிடந்த நிலமொன்றில் 108 அடி உயரச் செல்பேசிக் கோபுரத்தை, பார்ப்பவர் கண்ணை உறுத்தாவண்ணம் செயற்கைக் கிளைகள் பொருத்திப் பைன் மரத்தின் உருவத்தில் நிறுத்துவதற்கு டி-மொபைல் கம்பெனி அனுமதி கோரியது. 2010-ஆம் வருஷம் ஏப்ரலில் நகர சபை கூடிச் சுமார் இரண்டு மணி நேரம் விசாரித்தது. உயரம் அதிகம், இயற்கைச் சூழலுக்குப் பொருந்தாது, அண்டை வீடுகளின் விலை இறங்கிவிடும் என்றெல்லாம் ஆட்சேபங்கள் எழ, சபை ஏகமனதாக அனுமதியை மறுத்தது. இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்குப் போன கடிதத்தில், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதும், கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை நகர சபைக் குமாஸ்தாவிடம் பெற்றுக்கொள்ளலாம் என்பதுமே இருந்தன. காரணம் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறிப்போ மேலும் 26 நாள் சென்ற பிறகே வெளிவந்தது.

இது அற்ப விஷயமன்று. 1996-ஆம் வருஷத்துத் தகவல் தொடர்புச் சட்டம், கோபுரம் எங்கே நிற்கலாம், எவ்வளவு உயரம் எழலாம் என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஊர்களிடமே விட்டுவைத்து, அதற்குச் சில எல்லைகளையும் வகுத்தது: சேவையே கிடைக்காதபடி தடுக்கலாகாது, கம்பெனிகளுக்குள் அநியாயமாகப் பாரபட்சம் காட்டலாகாது, மறுப்பதானால் எழுத்து மூலமாக, தக்க சாட்சியத்தின் ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் 30 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றும் விதி இருப்பதால், காரணங்களைப் படித்து வழக்குத் தயாரிக்கக் கம்பெனிக்கு மிஞ்சியவை நான்கே நாட்கள். 2015 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதி சோனியா சோட்டோமயோர் எழுதிய தீர்ப்பில், காரணங்கள் மறுப்புக் கடிதத்திலேயே இடம்பெற வேண்டுமென்பதில்லை, ஆயினும் ஏறக்குறைய அதே சமயத்தில் கிடைத்தாக வேண்டும் என்று கூறி, நகரத்தின் செய்கை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று தீர்த்தது. ஊர்களின் பக்கம் அனுதாபம் கொண்ட நானும் இதை நியாயமென்றே கருதுகிறேன். காரணம் சொல்லாமல் மறுக்கும் பழக்கம் கம்பெனியோடு நின்றுவிடாது, நாளை சாமானியக் குடிமகனிடமும் வந்து சேரும்.

என் மனம் ஒப்பாதது அச்சட்டத்தின் வேறொரு விதி. ரேடியோ அலைகளின் அளவு மத்தியத் தகவல் தொடர்புக் கமிஷன் விதித்த வரம்புக்குள் அடங்கியிருக்குமானால், அவற்றால் தீங்கு நேரும் என்று காட்டி எந்த ஊரும் கோபுரத்தை மறுக்க முடியாது. குழந்தைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று கலங்கிச் சபைக்கு வரும் தாயின் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. கோபுரம் அழகைக் கெடுக்கிறது என்று அவள் சொன்னால் அதற்கு மதிப்புண்டு. ஊருக்கு ஒரு விஞ்ஞானம் இருக்க முடியாது என்பது மெய்யே. ஆனால் அந்தப் பொறுப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்ட கமிஷனாவது விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதல்லவா? 1996-இல் வகுத்த வரம்புகளை மாற்ற வேண்டுவதில்லை என்று 2019-இல் அது முடிவுகட்டியபோது, விவகாரம் வாஷிங்டனிலுள்ள அப்பீல் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021 ஆகஸ்டில் அக்கோர்ட்டு, விஞ்ஞானச் சர்ச்சையில் எந்தக் கட்சியும் சேராமல், புற்றுநோயல்லாத பிற தீங்குகளைப் பற்றித் தன்னிடம் சமர்ப்பிக்கப்பட்ட சாட்சியங்களுக்குக் கமிஷன் போதிய விளக்கம் தரவில்லை என்று கண்டு, குழந்தைகளைப் பற்றியும் நீண்டகாலப் பாதிப்பைப் பற்றியும் காரணத்தோடு பதில் சொல்லும்படி விஷயத்தை அதனிடமே திருப்பியனுப்பியது.